சவுரியப்பன் வந்தால் டிவி சத்தம் கூடும்

அரச மரத்தில் சவுரியப்பனின் கோடாரி இறங்கியதும் பால் வரவில்லையாம், ரத்தம் வந்ததாம். அதியமான்கோட்டை சர்வீஸ் ரோட்டு டீக்கடையில் இதைச் சொல்கிறவர் நேரில் பார்த்தவர் இல்லை. அவருடைய மச்சானுக்கு யாரோ சொன்னது. “அந்தப் பாவந்தான், அவம் பொண்ணு வயித்துல ரெண்டு தடவையும் தங்கல” என்று முடிப்பார். சவுரியப்பன் அதே கடையில் நின்று வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாலும் கதை நிற்காது. அவரும் காது கேளாதவர் போல முழுக்கத் தின்று, எண்ணெய்க் கையைத் தலையில் தடவிக்கொண்டு, டிவிஎஸ் எக்ஸெல்லை உதைப்பார்.

வேண்டாத மரம் எடுப்பது அவர் தொழில். வண்டியில் கோடாரி, கடப்பாரை, கொத்தனார் கரணை, இடிக்கத் திம்மிசுக் கட்டை, ஒரு தார் டின், கோணிப்பையில் பொடி ஜல்லி. காம்பவுண்டுச் சுவரைப் பிளக்கும் வேம்பு, செப்டிக் டேங்குக்குள் வேர் விடும் அத்தி, வாசல் பாதையைத் தூக்கும் அரசு, எல்லாமே அவருக்குக் ‘காக்கா போட்டது’. “காக்கா போட்டதுக்கு யாரும் பட்டா கேக்க முடியாதுங்க” என்பார். கழுத்தில் மாதா படம் கோத்த, கறுத்துப்போன உத்தரியக் கயிறு. வேலை தொடங்குமுன் அதைச் சட்டைக்குள் முதுகுப்பக்கம் தள்ளிவிடுவார். வேர்வை படக்கூடாதாம். வேர்வை முதுகிலும் வரும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

வேப்ப மரத்தையும் அரச மரத்தையும் வெட்ட இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கை வராது. ஒன்றில் மாரியாத்தா, இன்னொன்றில் பிள்ளையார். மாதா கோயிலுக்குப் போகிற ஆளுக்கு என்ன வந்தது என்று சவுரியப்பனைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதிலும் ஒரு முறை உண்டு. வெட்டச் சொல்லி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “வாசப் பக்கம் கொஞ்சம் நெரவிக் குடுங்க”, “அந்த மூலையப் பாருங்க” என்பதோடு சரி. “உள்ள போயி டிவி போட்டுக்கங்க, சத்தமா வெய்ங்க” என்று வீட்டுக்காரர்களை அனுப்பிவிட்டுத்தான் அவரும் கோடாரியைத் தொடுவார். பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று அவர்கள் நாளைக்குச் சாமியிடம் சொல்லிக்கொள்ளலாம். “பாவம் எனக்கு, கார் பார்க்கிங் உங்களுக்கு” என்று சிரிப்பார். அரசங்குச்சிகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கிக் கட்டி வைத்தால், கோயில் குருக்கள் ஓமத்துக்கென்று ஆள் அனுப்பி வாங்கிப்போவார். “நான் வெட்டுனா பாவம், அவரு எரிச்சாப் புண்ணியம். நல்ல டிபார்ட்மென்டுங்க.”

வெட்டுவது பாதி வேலைதான். அடிக்கட்டையில் துளை போட்டு, நுணுக்கிய பெருங்காயமும் கல்லுப்பும் திணித்து, ஜல்லி கொட்டி, மூன்று கல் வைத்துக் காய்ச்சிய தாரை ஊற்றித் திம்மிசால் இடிப்பார். “மூச்சு வுட வழி இருந்துச்சுன்னா, அடுத்த மழைக்கு எலையோட வந்து நிக்கும்.”

மகள் பிளசி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அரச மரத்தைத் தொடவில்லை. காரணம் சொன்னதில்லை. நல்லம்பள்ளிக்காரரிடம் முழங்கால் வலி என்றார். தொப்பூர்க்காரரிடம் கோடாரிக் காம்பு முறிந்துவிட்டது என்றார். தைல மரம், சவுண்டல் மரம் என்று கிடைத்ததை வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி வேளாங்கண்ணிக்குப் புரிந்துவிட்டது. “இப்பிடியே இரு, கொழந்த வர்ற வரைக்கும்” என்றாள். “நான் என்ன அதுக்காவா வுட்டேன்?” என்று அவளிடம் எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் மாதவராஜ் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஊரெல்லாம் வாசலுக்குச் சிமென்ட் கல் பதிக்கையில், லாரி வைத்திருந்த மாதவராஜ் கேட்டிலிருந்து போர்டிகோ வரை தார் ரோடே போட்டவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாதையில்தான் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளவேண்டும். ஓரத்தில் முளைத்த அரசு தொடைக் கனம் ஆகியிருந்தது. அதன் வேர் தாரை வெடிக்கவைத்துப் பாதையின் குறுக்கே வரப்பு மாதிரி எழும்பியிருந்தது. போன வாரம் சக்கரம் அதில் ஏறி நாற்காலி குடை சாய்ந்தது. ஊசி ஏற்றும் கையில் மாதவராஜுக்கு ரத்தம் கட்டிக்கொண்டது.

சவுரியப்பன் அவர்கள் வீட்டுக் கேட்டில் வண்டியை விட்டு இறங்காமலே பேசினார்.

“பிளசிக்குப் பொறந்துடட்டுங்கம்மா. அடுத்த மாசம் வந்துர்றேன்.”

மாதவராஜின் மனைவி சசிகலா அவரையே பார்த்தாள். கெட்டவள் இல்லை, புருஷனைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவள்.

“ஏண்ணா, நாங்கதான் பயந்துகிட்டு ஒதுங்கி நிக்கறோம். மாதா கோயிலுக்குப் போற ஆளு, நீங்களுமா இதெல்லாம் நம்பறீங்க?”

ஆமாம் என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமும் நம்பாதவன் என்ற ஒரே தகுதியில் பிழைத்தவர்.

“யாரு நம்பறா? வெயாழக்கெழம வரேன். டிவிக்கு ரீசார்ஜ் பண்ணி வெய்ங்க.”

புதன்கிழமை பிளசிக்கு வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதம். தருமபுரி ஆஸ்பத்திரியில் வேளாங்கண்ணி உள்ளே, சவுரியப்பனும் மருமகன் ஃபிராங்க்ளினும் வெளியே. குழந்தைக்குத் துடிப்புக் குறைகிறது என்று மட்டும் நர்ஸ் வந்து சொல்லிப் போனாள். விடிந்ததும் சவுரியப்பன் துண்டை உதறி எழுந்தார்.

“எங்க மாமா?”

“ஒரு வேல ஒத்துக்கிட்டேன்.”

ஃபிராங்க்ளினுக்கு எந்த வேலை என்று தெரியும். “இன்னிக்கு வேணாம் மாமா.”

“ஆம்பளைங்கள உள்ள வுடமாட்டாங்க. இங்க குந்திக்கினு நான் என்ன பண்ணப்போறேன்? எதுனா சொன்னா போன் பண்ணு.”

போகாமல் இருந்தால், நம்புகிறேன் என்று ஆகிவிடும். நம்பினால், முன்னால் போன இரண்டும் தன் கையால் போனவை என்று ஆகிவிடும். பைபாஸ் முழுக்க லாரிகள் அவரை உரசிக்கொண்டு போயின. அவர் ஓரம் கட்டவில்லை.

சசிகலா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சீரியல் அலறியது. முதல் வெட்டில் பால் வெள்ளையாகத்தான் வந்தது. என்றாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து பார்த்துக்கொண்டார். உச்சி வெயிலுக்குள் மரம் சாய்ந்து கிடந்தது. பாதையைத் தூக்கிய வேரைத் தோண்டி எடுத்தாயிற்று. கட்டையில் துளை போட்டு, திணித்து, ஜல்லி பரப்பி, தார் ஊற்றினார். நாலு இடி இடித்திருப்பார். வண்டியில் தொங்கிய பைக்குள் போன் அடித்தது.

அவர் திரும்பவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சசிகலாதான் வெளியே வந்து பையிலிருந்து எடுத்தாள். “ஃபிராங்க்ளின்னு வருதுண்ணா.”

சவுரியப்பன் திம்மிசைக் கீழே போட்டு முழங்காலிட்டார். கரணை முனையால் தாரை வழித்தெறிந்தார். கரணைக்கு வராததைக் கையால் பிய்த்தார். சூடு ஆறாத ஜல்லியை இரண்டு கையாலும் அள்ளி வெளியே போட்டார்.

“கை வெந்துரும்ணா. என்ன பண்றீங்க? போன எடுங்கண்ணா.”

கட்டை தெரிந்தது. துளைக்குள் விரலை விட்டு, உப்பையும் பெருங்காயத்தையும் தோண்டித் தோண்டி எடுத்தார். போன் அவள் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.