மாமனாருக்குப் போட்ட பிளேயர்

கஸ்தூரி அக்கா என் கடைக்கு முதலில் வந்தது 2009ஆம் வருஷம், பொங்கல் கழிந்த வாரத்தில். போளூர் ரோட்டில் அப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்த லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். சின்னது. தூக்கினால் ஒரு கிலோதான் இருக்கும். சிடி போட இடம் கிடையாது, உள்ளே மெமரி இடமும் கம்மி.

அதில் படம் ஓடவில்லை என்றார். மாமனார் கோதண்டராமனுக்கு முந்தின ஆடியில் வாதம் அடித்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பெங்களூரில் இருக்கும் இளைய மகன் செழியன் பொங்கலன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்து இதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே அவருடைய மூன்று வயதுப் பையன் மாறனைச் செல்போனில் பிடித்த பதினோரு வீடியோ படங்கள். கிழவருக்குப் பேரன் என்றால் உயிர்.

செல்போன் படம் அந்த மெஷினில் தானாக ஓடாது. பென் டிரைவிலிருந்து படம் ஓட்டும் புரோகிராம் ஒன்றை, பிளேயரை, உள்ளே காப்பி செய்து போட்டேன். அது ஏறும்போது திரையில் வரும் பச்சைக் கோடு மெதுவாக நிரம்பி முடிய நாலு நிமிஷம் ஆனது. மாறன் குளிக்கமாட்டேன் என்று ஓடினான், கேமராவைப் பார்த்து "தாத்தா" என்றான். இடம் கம்மி என்பதால் பிளேயர் அவ்வப்போது சிக்கிக்கொள்ளும், அப்படி ஆனால் அதை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்றேன். எடுப்பது எப்படி, போடுவது எப்படி என்று இரண்டையும் சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

அக்காவைப் பற்றித் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அடி அண்ணாமலையில் ஏழைப்பட்ட குடும்பம். 1989இல், பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தார். புருஷன் குமரேசன் வேன் டிரைவர், திருப்பதி, மேல்மருவத்தூர் என்று மாதத்தில் பாதி நாள் வெளியில். வீட்டில் சட்டம் போட்டது கோதண்டராமன்தான். ரெவின்யூ கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். மருமகள் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் தட்டைத் தள்ளமாட்டார், மொத்தக் குழம்பையும் அவரே எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, திரும்ப வை என்பார்.

1996இல் அக்காவின் அம்மா வெள்ளையம்மாள் இறந்தார். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம் வீட்டில் தங்கியிருந்தது, பதினைந்து பேருக்குச் சமையல். சேதி சொல்ல அக்காவின் ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக் கருப்பன் வந்தார். கோதண்டராமன் அவரை வாசல் கேட்டோடு நிறுத்தி, சொல்லிவிடுகிறேன் என்று அனுப்பிவிட்டார். சொல்லவில்லை. மூன்றாம் நாள் மார்க்கெட்டில் கருப்பன் எதிரே வந்து ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. அதற்குள் எரித்து எலும்பும் பொறுக்கியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, விருந்தாளி இருக்கும்போது சாவு வீட்டுக்குப் போய்வந்தால் யார் சமைப்பது என்று மாமனார் திருப்பிக் கேட்டார்.

பிளேயர் போட்ட முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்துவிடுவார். கிழவர் இடது கை விரலால் தட்டித் தட்டி பேரனைப் பார்ப்பார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும்.

மாசியில் ஒரு நாள் பிளேயர் சிக்கிக்கொண்டது. நான் சொல்லிக் கொடுத்தபடி அக்கா அதை எடுத்தார். மறுபடி போடப்போன நேரத்தில், அப்போதுதான் மாற்றிய விரிப்பில் கிழவர் வெளிக்குப் போய்விட்டார். காலையிலிருந்து அது மூன்றாம் தடவை. அக்கா கழுவித் துடைத்தார், விரிப்பை மாற்றினார், லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு வாளியோடு வெளியே போனார். வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துவிட்டது என்றார் என்னிடம்.

கிழவர் படத்தைத் தட்டினார். எந்த புரோகிராமில் திறப்பது என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். அதை மூடிவிட்டு அடுத்த படத்தைத் தட்டினார். அதே பெட்டி. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அக்கா வந்தபோதும் பதினோரு படங்களையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் அக்கா கஞ்சி கொடுத்தார். எப்போதும் பாதியைத் துப்புகிற மனிதர், அன்று கண்ணை லேப்டாப்பிலிருந்து எடுக்காமல் கடைசி ஸ்பூன் வரைக்கும் விழுங்கினார்.

அக்காவுக்கு அப்போது புரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு கணக்கு வந்துவிட்டது. கஞ்சியைத் துப்பினால் பிளேயரை எடுத்துவிடுவார். விரிப்பு நனைந்தால் எடுத்துவிடுவார். எடுக்கும்போது கிழவர் பார்க்க வேண்டும், அதற்காகத் தலையணையை உயர்த்தி வைப்பார். ஒழுங்காக இருந்தால் சாயங்காலம் திரும்பப் போடுவார். அதையும் அவர் பார்க்க வேண்டும். பச்சைக் கோடு நகர நகர கிழவர் மூச்சு விடமாட்டார். விரிப்பு நனையக் கூடாது என்று பங்குனியிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். உதடு வெடித்தது. அக்கா அதற்கு வெண்ணெய் தடவினார். குமரேசன் வீட்டிலிருக்கும் நாளில் பிளேயர் எடுக்கப்படாது, மாறன் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். அப்பா எவ்வளவு சாதுவாகிவிட்டார் பார் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் கோடு முக்கால்வாசி நிரம்பியபோது கிழவர் அவசரப்பட்டு இடது கையை நீட்டினார். ஸ்டூலில் இருந்த டம்ளர் விழுந்தது. அக்கா கேன்சலை அமுக்கினார். கிழவர் குரல் எழும்பாமல் அழுதார். அக்கா முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி போட ஆரம்பித்தார். முக்காலுக்கு வந்ததும் மறுபடி கேன்சலை அமுக்கினார். இந்தத் தடவை அவர் எதையும் தள்ளியிருக்கவில்லை.

ஆயுத பூஜை லீவுக்கு அக்காவின் மகள் வினோதினி வந்தாள். வேலூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கேன்சலை அமுக்குவதைக் கதவருகில் நின்று இரண்டு முறை பார்த்தாள். தாத்தாவிடம் அவளுக்கும் பெரிய பாசம் கிடையாது, பெண் பிறந்ததென்று ஒரு மாதம் அவளைத் தூக்காதவர் அவர். அவள் சத்தம் போடவில்லை. லேப்டாப்பை மூடி வயரைச் சுருட்டினாள். காலேஜ் புராஜெக்டுக்கு வேண்டும் என்றாள்.

தாத்தா பார்ப்பாரே என்றார் அக்கா.

"உனக்கு முடியாமப் போனா நான்தாம்மா பாத்துக்கணும்," என்றாள் வினோதினி. "ஞாபகம் வெச்சிக்கோ."

லேப்டாப் வேலூருக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அம்மாவைத்தான் தண்டித்தாள், அடி விழுந்தது கிழவர்மேல். ஸ்டூல் காலியாக இருந்தது. அக்கா உள்ளே வந்தாலே அவர் வாயைத் திறந்து வைத்துக்கொள்வார், கஞ்சி கையில் இல்லாவிட்டாலும். விரிப்பு நனைந்த நாளில் இடது கையால் முகத்தை மூடிக்கொள்வார். எடுப்பதற்கு இனி எதுவும் இல்லை என்று அவரிடம் அக்கா சொல்லவில்லை.

மார்கழியில் இறந்தார். செழியன் மனைவியோடும் மாறனோடும் காரில் வந்தார். தாத்தாவுக்கு மாலை போடச் சொன்னபோது பையன் பயந்து கத்தி அம்மா தோளில் ஏறிக்கொண்டான். பதினாறாம் நாள் காரியத்தில் எல்லார் முன்னாலும் செழியன் அக்காவின் காலில் விழுந்து எழுந்தார். அண்ணி மாதிரி யாரும் பார்த்திருக்க முடியாது, அப்பாவின் முதுகில் ஒரு புண்கூட இல்லை என்று சொன்னார். அது உண்மை. வினோதினி காபி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க வந்த அன்றுதான் அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். கடையில் வேறு ஆள் இல்லை. வினோதினி போன் செய்தால் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாள் என்றார். சொல்லும்போது குரல் மாறவில்லை, கை மட்டும் ஜெராக்ஸ் தாள்களின் ஓரத்தைச் சேர்த்துத் தட்டிக்கொண்டே இருந்தது.

உங்க அம்மா சாவுக்காகத்தானே அக்கா என்று கேட்டேன். மனதைத் தேற்றிக்கொள்ள அக்காவுக்கு ஒரு வழி விடுகிறேன் என்று நினைத்தேன்.

"அப்படின்னா நல்லாதான் இருக்கும், தம்பி. அந்த நேரத்துல எனக்கு எங்கம்மா ஞாபகமே வரல."

எனக்கு எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மூளை கலங்கிய மனிதர், நடந்தது அவருக்குப் புரிந்திருக்காது என்றேன்.

"புரிஞ்சிதுப்பா," என்றார். "புரியலன்னா செஞ்சிருக்க மாட்டேன்."

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.