சுவருக்கு வெளியே கத்திரிக்காய்

விவசாயிகளே நேரடியாக விற்பதற்கென்று திருவண்ணாமலையில் புதிதாகக் கட்டிய சந்தையின் வாசலில் நிற்கிறேன். ‘இடைத்தரகர்களுக்கு இங்கே இடமில்லை’ என்று சுவர் முழுக்கப் பச்சை பெயிண்டில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவருக்கு வெளியே, வெயிலில் சாக்கு விரித்துக் கத்திரிக்காய் விற்கிறார் ஒரு அம்மா. அடி அண்ணாமலையில் வாரத்துக்குப் பயிர் வைப்பவராம். விளைவதில் பாதி நிலத்துக்காரருக்குப் போய்விடும்.

“உள்ளே நிழலில் உட்காரலாமே அம்மா?”

“அட்டை இருந்தாத்தாங்க உள்ள உடுவாங்க. பட்டா யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான் அட்டை. எங்க நெலத்துக்காரரு அதோ உள்ள உக்காந்துனு இருக்காரு பாருங்க. அவரு விக்கிறதும் நான் வெளைய வச்ச காய்தான்.”

எட்டிப் பார்க்கிறேன். கூரைக்குக் கீழே, மடிப்புக் கலையாத வேட்டியில் ஒருவர். சட்டைப் பையில் ‘விவசாயி’ அட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சந்தையைத் திருத்த இவ்வளவு யோசித்தவர்களுக்கு, பயிர் வைப்பது யார் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

அரைக் கிலோ போடச் சொல்கிறேன். அதற்குள் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்து, கழியால் சுவரைத் தட்டிக் காட்டுகிறார்.

“எழுதியிருக்குது இல்ல? இடைத்தரகருங்க இங்க உக்காரக் கூடாது. எழுந்திரும்மா!”