சாம்பிராணி குடித்த கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டில் தறியும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில்தான் இருக்கின்றன. தறியில் என் மனைவி, கம்ப்யூட்டரில் நான். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் பட்டுப் புடவைக்கு முந்தி, கரை, புட்டா எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பதுதான் பல வருஷமாக எனக்குத் தொழில். இப்போது கடைக்காரர்கள் வெறும் படத்தைப் பார்த்து ஒத்துக்கொள்வதில்லை. இன்னும் நெய்யாத புடவையை ஒரு பெண் கட்டிக்கொண்டு நின்று திரும்புவது போல வீடியோ கேட்கிறார்கள். அதற்காகவே கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன்.

போன பங்குனியில், பெரிய காஞ்சிபுரத்துக் கடை ஒன்றிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள். வீடியோ இருந்தால் முகூர்த்தப் புடவைக்கு என் டிசைனையும் காட்டுவார்கள். பிடித்துவிட்டால் நெசவு எங்கள் தறிக்கே. மனைவியின் தறியில் அப்போது நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூல் ஒரு வாரத்தில் முடிகிற நிலை. அதற்குப் பிறகு தறியில் ஏற்ற ஒன்றும் இல்லை. அதனால் அந்தப் புடவை எங்களுக்கு வந்தே ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, வழக்கம்போல சாமிப் படங்களுக்கும் தறிக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் புகை காட்டிவிட்டு வீடியோ செய்கிற வேலையை ஓடவிட்டேன். முடிய மறுநாள் மதியம் மூன்று மணி ஆகும் என்றது திரை. மனைவியின் தம்பி வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"ஓவர்க்ளாக் பண்ணிப் பாருங்க மாமா."

"இன்னாப்பா அது?"

"கார்டு ஓடுற வேகத்த நாமளே ஏத்தி விடுறது. ஒரு சாப்ட்வேர் அனுப்புறேன். அதுல ஒரு கோடு இருக்கும், கொஞ்சமா வலது பக்கம் தள்ளுங்க. சூட்ட மட்டும் பாத்துக்கினே இருங்க."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா காமாட்சி என்று சொல்லித் தள்ளினேன். மதியம் மூன்று என்றிருந்தது காலை பதினொன்று ஆனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். சூடு எண்பத்தொன்று, எண்பத்தைந்து, எண்பத்தொன்பது என்று ஏறியது. பெட்டி மாவு மெஷின் மாதிரி இரைந்தது. பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. பதினொன்று என்றிருந்த மணி மூன்றைத் தாண்டி, ஐந்து ஆகி, ஆறு என்று வந்து நின்றது. வேகத்தைக் கூட்டியது நான்; வேலை ஏன் மெதுவாகப் போகவேண்டும்?

எழுந்து மின்விசிறியைப் போட்டேன்.

"ஃபேன நிறுத்துங்க! இழ அறுந்துக்கினு இருக்குது!" தறியிலிருந்து மனைவி கத்தினாள்.

தறி ஓடும்போது எங்கள் வீட்டில் விசிறி போடுவதில்லை. காய்ந்த காற்று பட்டால் பட்டு இழை மொரமொரவென்று ஆகி அறுந்துபோகும். ஜன்னலில்கூட ஈரச் சாக்குத்தான் தொங்கும்.

"கார்டு வெந்துபோது," என்றேன்.

"என் நூலு மட்டும் வேவாதா? அறுந்தா முடிச்சுப் போட நான் இருக்கிறேன். உங்க பொட்டிக்கு எவன் முடிச்சுப் போடுவான்? காத்து வேணும்னா பின்கட்டுக்குத் தூக்கிக்கினு போங்க."

நூலுக்குக் காற்று ஆகாது, கார்டுக்குக் காற்று இல்லாமல் ஆகாது. இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படிப் பிழைத்தேன் என்றே தெரியவில்லை. வீடியோவுக்கு அதுவரை முடிந்த படங்கள் பத்திரமாக இருக்கும் என்று மச்சான் போனில் சொன்ன பிறகு வேலையை நிறுத்தி, பெட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போனேன். பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கழற்றினேன்.

கார்டின் விசிறிக்குப் பின்னால் சூட்டை வெளியேற்றும் தகடே தெரியவில்லை. பஞ்சுமெத்தை மாதிரி ஒன்று அடைத்திருந்தது. விரலால் உரித்தேன். பிசுபிசுவென்று கருப்பாக வந்தது. நடுவில் அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பட்டுத் தூசு. மூக்கருகே கொண்டுபோனேன். சாம்பிராணி வாசனை.

ஒன்றைச் சொல்லவேண்டும். தறிக்குச் சாம்பிராணி காட்டினால் புகை மேலே போய்விடும். பெட்டிக்குக் காட்டினால் முன்பக்கத்து ஓட்டைகள் வழியாக அத்தனையும் உள்ளே போகும். சோறு போடுகிற பொருள் என்று பெட்டியை ஓடவிட்டே காட்டுவேன். புகையை அது இழுத்துக்கொள்ளும்போதெல்லாம், அம்பாள் ஏற்றுக்கொள்கிறாள் என்று எனக்குக் கண் கலங்கும். ஒரு வெள்ளி தவறியதில்லை.

போனில் மச்சான் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "மாமா, ஊர்ல எல்லாரும் கார்டுக்குக் காத்து காட்டுவாங்க. நீங்க ஒருத்தர்தான் தூபம் காட்டியிருக்கீங்க!"

"சிரிக்காதப்பா. நான் பண்ணது தப்பா?"

அவர் வேலையைச் சொன்னார்: "மொதல்ல பிரஷ்ஷால தட்டுங்க. அப்புறம் கார்டோட வோல்டேஜக் கொறைங்க."

"ஏத்தச் சொன்னதும் நீதான், கொறைக்கச் சொல்றதும் நீதானா?"

"வேகம் வேற, வோல்டேஜ் வேற மாமா. சூடு ஏறுனா கார்டு பயந்துக்கினு தானே மெதுவா ஓடும். வோல்டேஜக் கொறைச்சா சூடு கொறையும். சூடு கொறைஞ்சா கார்டு பயப்படாம ஓடும்."

குறைத்தால் கூடும் என்பது எந்தக் கணக்கு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சொன்னபடி செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மனுக்கு ஒன்பது நெய்விளக்கு வேண்டிக்கொண்டேன். மறுபடி ஓடவிட்டபோது சூடு எழுபத்திரண்டிலேயே நின்றது. முடியும் நேரம் காலை எட்டு.

எட்டுக்கே முடிந்தது. ஒன்பதரைக்குக் கடையில் இருந்தேன். கல்யாணப் பெண் வீடியோவை மூன்று முறை பார்த்தாள். "இத எடுத்துக் காட்டுங்க, தொட்டுப் பாக்கணும்," என்றாள். இன்னும் நெய்யவே இல்லை என்று கடைக்காரர் சொன்னதும் அவளுடைய அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "இல்லாத பொடவையவா இவ்ளோ நேரமாக் காட்டிக்கினு இருந்தீங்க?" ஆனாலும் பெண் அதையே பிடித்துக்கொண்டு விடவில்லை. கரையை மட்டும் அரை விரல் குறைக்கச் சொல்லி, ஒத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள்: "பாவு உண்டா?"

"உண்டு."

அப்போதுதான் அவள் நிறுத்தினாள்.

சாயங்காலம் கோயிலில் ஒன்பது விளக்கையும் ஏற்றிவிட்டு நின்றேன். எதற்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தூசு போனதா, பின்கட்டுக் காற்றா, வோல்டேஜா, வேண்டுதலா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டேன். எது பலித்ததென்று இனிமேல் பிரித்துப் பார்க்க வழியில்லை. தூசையும் அம்மன்தான் காட்டிக்கொடுத்தாள் என்று வைத்துக்கொண்டால், அதை அடைத்த புகையும் அவளுக்குக் காட்டியதுதானே?

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி சாம்பிராணிக் கரண்டியோடு வந்து, பின்கட்டுப் பெட்டியின் முன் நின்றாள்.

"இதுக்குக் காட்டட்டுமா, வேணாமா?"

"ஆஃப் பண்ணிட்டுக் காட்டலாம். அப்ப பொகைய இழுக்காது."

"இழுக்கலன்னா, ஏத்துக்கிச்சுன்னு எப்படித் தெரியும்?"

கரண்டியில் புகை போய்க்கொண்டே இருந்தது. நான் பெட்டியை அணைத்தேன். அவள் இரண்டடி தள்ளி நின்று மூன்று சுற்றுக் காட்டினாள். புகை பெட்டியைத் தொடாமல் துணிக்கொடிப் பக்கம் போயிற்று. அது போன திசையையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.