அம்மாவின் வலிக்கு ஒரு சாட்சி

ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடையும் கிருமிநாசினியின் நெடியும் கலந்து கிடந்த, ஜெர்மனியின் எசன் நகரத்து அந்த டொக்டரின் காத்திருப்பு அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் தெரியாது. மூன்றாம் வகுப்பில் படித்த நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மா சொல்லும் ‘உளைவு’, ‘குத்து’, ‘எரிவு’ எல்லாவற்றுக்கும் என்னிடம் ‘வலி’ என்பதற்கான ஒரே ஜெர்மன் சொல்தான் இருந்தது.

“வலப்பக்கம், விலாவுக்குக் கீழை குத்துது, முதுகு வரைக்கும் போகுதெண்டு சொல்லு பிள்ளை,” என்றார் அம்மா. சொல்லும்போதே சிரித்தார். அந்நியரிடம் உதவி கேட்கையில் முகத்தைச் சுளிப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர் அவர். டொக்டர் வயிற்றைத் தொடவில்லை. சிரிப்பை மட்டும் பார்த்தார்.

“உண்மையாக வலிப்பவர் சிரிக்கமாட்டார். உன் அம்மாவுக்கு ஊர் ஏக்கம்,” என்று என்னிடம் சொல்லி, சீமைச்சாமந்தித் தேநீர் குடிக்கச் சொன்னார். மறுபடி போனோம். மறுபடியும் தேநீர்தான்.

ஒரு காலை அம்மா மாடிப்படியில் சுருண்டு விழுந்தார். கீழ்வீட்டு ஜெர்மன்காரி ஃபிராவ் குரூசே அவரைக் கைத்தாங்கலாக அதே டொக்டரிடம் கொண்டுபோய், “இந்தப் பெண்ணுக்குக் கடுமையான வலி,” என்றார். அவ்வளவுதான். டொக்டர் எழுந்தார், வயிற்றில் கை வைத்தார், ஆம்புலன்சை அழைத்தார். பித்தப்பை சீழ்பிடித்து வெடிக்கும் நிலையில் இருந்தது. வெட்டியெடுத்தார்கள், அம்மா பிழைத்தார்.

பிழைத்துவிட்டார் என்பதற்காக நான் ஆறிவிட வேண்டுமா? இன்று நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். புதுக் கருவி வந்தால், விடை முன்பே தெரிந்த மாதிரிகளைக் கொடுத்துச் சோதித்த பிறகுதான் அது காட்டும் எண்ணை நம்புவோம். அந்த டொக்டரின் கண்ணை யார் சோதித்தார்கள்? எத்தனை முகங்களை அது பிழையாக வாசித்தது என்று அவராவது ஒருநாள் திரும்பிப் பார்த்தாரா? கடைசியில் அவர் சரியான முடிவுக்கு வந்ததுகூட அதே அழுகிய வழியால்தான். வலியைச் சுமந்தவளின் சொல் அவருக்கு வெறும் சந்தேகம். மாடிப்படியில் அவளைக் கண்டவளின் சொல் அறிவு!

“அவவோடை போனால் நம்புவினம்,” என்று அம்மா அன்றே கணித்துவிட்டார். அதன்பிறகு எந்த டொக்டரிடமும் ஃபிராவ் குரூசே இல்லாமல் அவர் போனதில்லை.

அந்த மருத்துவ நிலையம் இப்போது இல்லை. ஃபிராவ் குரூசேயும் போன மாதம் காலமானார். அடக்கம் முடிந்து டிராமில் திரும்பும்போது அம்மா கேட்டார்: “இனி எனக்கு நோகுதெண்டு ஆர் சொல்லுறது?”

“நீங்களே சொல்லுங்கோ அம்மா. இப்ப நல்லா ஜெர்மன் கதைக்கிறீங்கள்தானே.”

“ஓம், சொல்லலாம்,” என்றார். “நம்பவேணுமே.”