கோழிக்கடை மாடி வீடு

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். பெங்களூரில் ஏழெட்டு கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். தலைமை அலுவலகம் வைட்ஃபீல்டில். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, டேட்டா கவர்னன்ஸ் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். நோயாளிகளின் விவரங்களை யார் பதிவது, யார் திருத்துவது, தப்பு வந்தால் யார் பதில் சொல்வது என்று ஒழுங்குபடுத்தும் வேலைதான். இருப்பவர்களின் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றும் சொல்லியனுப்பினார். அது மட்டும் என் காதில் ஏறவில்லை. கிளைக்கு ஒரு புதுப் பொறுப்பாளர், கவுன்ட்டரில் இருப்பவர்கள் இனி எதையும் திருத்த முடியாது என்று கலர் கலராகப் படம் போட்டுத் திட்டம் தயாரித்துவிட்டேன்.

முதலில் போனது லிங்கராஜபுரம் கிளைக்கு. கவுன்ட்டரில் இருந்த பெண் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயில் பிடித்து வருபவர். பன்னிரண்டு வருஷமாக அதே நாற்காலி. அவருடைய பதிவுகளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பெயருக்குப் பக்கத்திலேயே 'சர்ச் பின்வீடு', 'கோழிக்கடை மாடி' என்று கண்டதையும் எழுதி வைத்திருந்தார். பெயர் என்றால் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"நம்ம ஆளுங்களுக்கு இனிஷியலும் பேரும்தானே மேடம். ஒரே பேரு, ஒரே இனிஷியல்ல நாலு பேர் வருவாங்க. நாம குடுக்கிற நம்பர் சீட்டை யாரும் எடுத்துட்டு வர்றதில்ல."

அதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் என் திட்டத்தை விளக்கினேன். கேட்டு முடித்தவர் மெதுவாக, "அப்போ எனக்கு இங்க என்ன வேலை மேடம்?" என்றார். கோபமில்லை, பயம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று அன்றைய பட்டியலில் இருந்த குறிப்புகளையெல்லாம் அழித்தேன்.

ஸ்கூட்டரை வெளியே நிறுத்திவிட்டு ஒரு அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தார். பெயர் கேட்டேன், தேடினேன், பிரின்ட் எடுத்து நீட்டினேன். பக்கத்தில் நின்ற கவுன்ட்டர்ப் பெண் எட்டிப் பார்த்து, என் கையிலிருந்து காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்.

"மேடம், இவங்க சர்ச் பின்வீடு. இது கோழிக்கடை மாடி வீட்டம்மாவோடது. இவங்களுக்குச் சர்க்கரை எப்பவும் இவ்ளோ ஏறாது."

உண்மைதான். பெயர், இனிஷியல், வயது மூன்றும் ஒன்று, ஆள் மட்டும் வேறு. அதைப் பார்த்து டாக்டர் இன்சுலினைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அம்மாவோ எதுவும் தெரியாமல் சரியான ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி போய்விட்டார்.

எழுந்து நாற்காலியைக் கவுன்ட்டர்ப் பெண்ணிடமே கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அழித்த குறிப்புகளை அவர் ஒன்றுவிடாமல் மனசிலிருந்தே திரும்பப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் 'அடையாளக் குறிப்பு' என்று தனிக் கட்டம் வந்தது. புது ஆள் யாரையும் போடவில்லை. பதிவுகளுக்குப் பொறுப்பு கவுன்ட்டரில் இருப்பவர்களே, திருத்துவதும் அவர்களே. யார், எப்போது திருத்தினார்கள் என்பது மட்டும் தானாகப் பதிவாகும். ஒருவருடைய வேலையும் மாறவில்லை. அதுவரை வாய்வார்த்தையாகக்கூட யாரும் சொல்லாத பொறுப்பு, எழுத்தில் வந்தது. எல்லாக் கிளைகளிலும் இப்போது இதுதான் முறை. ஆள் மாறி ரிப்போர்ட் போனதாக இதுவரை ஒரு புகார்கூட வரவில்லை.

பொறுப்பாளர் பட்டியல் சுவரில் ஒட்டிய அன்று, முதல் வரியில் இருந்த தன் பெயரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார் அந்தப் பெண். "நான் பாட்டுக்கு செஞ்சிட்டிருந்தேன் மேடம், இதுக்கு ஒரு பேரு இருக்குன்னே தெரியாது" என்றார். எனக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இன்றும் எந்தக் கிளைக்குப் போனாலும், புதிதாக எதையும் சொல்வதற்கு முன், 'இதை இங்கே ஏற்கெனவே யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்றுதான் முதலில் கேட்கிறேன்.