எந்த வயலின் நெல்

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த விதைப் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாக இரண்டே கேள்விகளுக்குத்தான் பதில் எழுதுவோம். இந்த விதை முளைக்குமா, இதில் வேறு ரகம் கலந்திருக்கிறதா. ஈரத் தாளில் நெல்லைப் பரப்பி வைத்து, சில நாள் பொறுத்திருந்து பார்த்தால் பதில் தானாக வந்துவிடும். தாவரவியல் படித்துவிட்டு வந்த எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நெல் பொய் சொல்லாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஐப்பசி மாதம் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் மூன்று துணிப் பைகளோடு வந்தார். மூன்றிலும் குறுவை நெல். முதல் பை, குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு குத்தகைக்காரரின் களத்திலிருந்து ஜப்தி செய்த மூட்டைகளில் எடுத்தது. இரண்டாவது, அதே ஊர் மிராசுதாரின் வயலில் எடுத்தது. மூன்றாவது, அந்தக் குத்தகைக்காரரின் சொந்த வயலில் எடுத்தது. ஜப்தியான நெல் இந்த இரண்டு வயல்களில் எதில் விளைந்தது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

விஷயத்தை அவரே சொன்னார். மிராசுதாரின் அந்த வயலைக் குத்தகைக்காரர் தன் அப்பா காலத்திலிருந்து உழுது வந்திருக்கிறார். குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்த பிறகு, அவர் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு உழுதவர்தான் என்று மிராசுதார் கோர்ட்டுக்குப் போய்விட்டார். மிராசுதாரும் இப்போது கட்சிக் கரை வேட்டிதான் கட்டுகிறார் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் சொன்னார். தீர்ப்பு வரும்வரை அந்த வயலில் யாரும் அறுக்கக் கூடாது என்று உத்தரவு. விளைந்த கதிர் அப்படியே நின்றது. ஒருநாள் விடிந்து பார்த்தால் பாதி வயல் அறுபட்டிருந்தது. குத்தகைக்காரர்தான் அறுத்துக்கொண்டு போனார் என்றது மிராசுதார் தரப்பு. அவர்களே ஆள் வைத்து அறுத்துவிட்டு என்மேல் பழி போடுகிறார்கள், களத்தில் இருப்பது என் சொந்த வயல் நெல் என்றார் குத்தகைக்காரர். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

பைகளை எங்கள் அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

"ரகம் என்னன்னு எழுதிக் குடுத்துடுங்க. அதுக்கு மேல நம்மால ஆகாது" என்றார்.

"அவங்க கேட்டது அது இல்லையே சார்."

"அவங்க கேட்டதுக்கு நம்மகிட்ட கருவி இருக்கா? யாருகிட்டயும் இல்லைம்மா."

அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர். எனக்கு அப்போது அலுப்பு வரவில்லை. மூன்று பையிலிருந்தும் கொஞ்சம் நெல்லைத் தனித்தனித் தட்டுகளில் கொட்டி, லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றும் ஆடுதுறை 27. நீளம் ஒன்று, உமியின் நிறம் ஒன்று, பதரும் ஏறக்குறைய ஒரே அளவு. உமியில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிப் பார்த்தேன். ஒரே கறுப்புக் களிமண். முதல் பையிலும் இரண்டாவது பையிலும் ஒரு களை விதை கிடைத்தது. மூன்றாவதில் இல்லை. ஏதோ பிடி கிடைத்துவிட்டது என்று அவசரமாகக் குறித்துக்கொண்டேன். அப்படியானால் குத்தகைக்காரர் மாட்டிக்கொள்வாரே என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மறுநாள் மூன்றாவது பையின் அடியிலும் அதே களை விதை இருந்தது. ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. அந்த வாரமே ஒரு பெண் நனைந்த புடவையோடு எங்கள் நிலையத்துக்கு வந்தார். என் அக்கா வயது இருக்கும். குத்தகைக்காரரின் மனைவி.

"எங்க நெல்லு இங்கதான் வந்திருக்குன்னு சொன்னாங்கம்மா. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா மூட்டைய விட்டுடுவாங்களாம்."

"பார்த்துக்கிட்டுதாங்க இருக்கேன். எந்த வயல்னு தெரியலை."

"பொதுக் களத்துல போட்டு வச்சிருக்காங்க. தார்ப்பாய் போட்டுத்தான் இருக்கு. ஆனா அடியில தண்ணி ஓடுதும்மா."

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அறுத்த கையோடு ஈரம் பட்டால் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும் ரகம் அது. எங்கள் நிலையத்தில் அதை என்னைவிட அதிகம் முளைக்க வைத்தவர் யாரும் இல்லை.

"எங்கிட்டக் காட்டுங்க. எங்க வயலு நெல்லு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அப்படிக் காட்டக் கூடாது. அதிகாரியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தார். நான் இரண்டு வயல்களில் எடுத்த நெல்லையும், எது எது என்று சொல்லாமல், மேஜைமேல் வைத்தேன்.

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். ஒரு நெல்லைப் பல்லில் உரித்து மென்றார். அவசரப்படவில்லை. பிறகு ஒரு தட்டைத் தொட்டு, "இதுதாம்மா எங்க வயலு. இந்த மணம் அதுக்கு வராது" என்றார்.

அவர் தொட்டது மிராசுதாரின் வயல் நெல்.

அதை என் முகம் சொல்லிவிட்டிருக்க வேண்டும். அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"மாத்திச் சொல்லிட்டேனா?"

"பரவால்லைங்க. எனக்கும் தெரியலை."

இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே நாத்தங்கால்தாம்மா. நாந்தான் நாத்துப் பறிச்சேன். ரெண்டுலயும் நாந்தான் நட்டேன். ஒரே வாய்க்கால் தண்ணி. எப்படித் தெரியும்?" அதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விளைந்த இடத்தைக் கூற இயலாது என்று எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். எங்கள் பதில் ஒருவருக்கும் உதவவில்லை. நான் அறுத்தேன் என்பது நிரூபணம் ஆகவில்லை என்றுதானே அர்த்தம், மூட்டையை விடுங்கள் என்று குத்தகைக்காரர் கேட்டார். இது அவருடைய நெல் என்றும் நிரூபணம் ஆகவில்லையே என்று மிராசுதாரின் வக்கீல் கேட்டார். மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மழையும் விடவில்லை.

குத்தகைக்காரர் உண்மையில் அந்த வயலை அறுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அறுத்திருந்தாலும் அவர்கள் நட்ட பயிர்தானே என்று எனக்குத் தோன்றும். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. நடக்கும்போதே மிராசுதார் வயலை வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்றும், புதிதாக வந்தவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு குத்தகைக்காரர் ஒதுங்கிவிட்டார் என்றும் பின்னாளில் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கூட்டத்தில், அரிசியில் இருக்கும் தாதுக்களை வைத்து அது எந்த மாவட்டத்தில் விளைந்தது என்று சொல்லிவிடலாம் என ஒரு இளம் விஞ்ஞானி விளக்கினார். அடுத்தடுத்த வயல், ஒரே வாய்க்கால், அதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். "அவ்வளவு பக்கத்துல முடியாதுங்க மேடம்" என்றார்.

அதே வருஷம் கார்த்திகையில் அந்த நெல்லைப் பற்றி மறுபடியும் எங்களைக் கேட்டார்கள். இந்தத் தடவை கேள்வி வேறு. அது மனிதர் உண்ணத் தகுந்ததா என்று நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ் பிடித்துப் போனேன். களத்துக்குப் போகும் முன்பே புளித்த வாடை வந்தது. தார்ப்பாயை விலக்கினார்கள். சாக்குகளின் இழை இடுக்குகளிலிருந்து பச்சையும் வெள்ளையுமாக முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே சுட்டது. தகுதியற்றது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அதற்கு எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

குத்தகைக்காரர் சற்றுத் தள்ளி நின்றார். நான் அவரைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒல்லியான மனிதர். அவர் மனைவி மட்டும் அருகில் வந்தார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் பேசினார்.

"நெல்லுதான் போச்சு. சாக்கையாவது உதறிக் குடுங்கய்யா. எரவல் சாக்கு. கேக்குறாங்க."

"சாக்கும் சேர்த்துத்தாம்மா ஜப்தி. உத்தரவு வராம நான் தொட முடியாது. நான் என்ன பண்றது சொல்லுங்க?"

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, கீழே கிடந்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து, பழக்கத்தில் செய்வதுபோல மூட்டைமேல் இழுத்து மூடப் பார்த்தார். முழுதாக எட்டவில்லை. மூடாமல் கிடந்த பக்கத்தில் யாருடைய ஆடுகளோ வந்து முளைகளைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தன. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் விரட்டவில்லை.