நாற்பது கொம்புக் கரடிகள்

தெருவில் அவளைக் கரடியம்மா என்றுதான் சொல்வார்கள். பெயரைக் கேட்டுத் தயங்கித் தயங்கி வருகிறவர்கள், வாசலில் நாலரை அடி உயரத்துக்கு ஒரு பெண் முழங்கை வரை மாவோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள்.

இருபத்தாறு வருஷம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரியில் ரொட்டி சுட்டாள். கணவன் செத்த மறுமாதம் தட்டு கழுவச் சேர்ந்தவள். மூன்றாம் வருஷம் அடுப்பு அவள் கைக்கு வந்தது. முதலாளி கடையை மூடியபோது, பழைய இரும்புக்குப் போக இருந்த மின் அடுப்பைக் கேட்டு வாங்கி, நாலு பேரை வைத்துத் தூக்கிவந்து முன்னறையில் போட்டாள். சோபா பின்கட்டுக்குப் போயிற்று. வருகிறவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

அடுப்பின் திருகில் எண்கள் பாதி அழிந்திருந்தன. அவள் ஓரிடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். முள் அந்தப் பொட்டுக்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது எத்தனை டிகிரி என்று அவள் கேட்டதே இல்லை.

கரடி வந்தது டிவியிலிருந்து. சனிக்கிழமை ஏழு மணித் தொடர். பனி நாடு, ஒன்பது கோட்டை, ஆளுக்கொரு வாள். தகப்பனை இழந்த ராஜகுமாரியைக் கொம்பு முளைத்த கரடி ஒன்று முதுகில் சுமந்து போகும். பக்கத்து வீட்டுத் தையல்காரியும் அவளும் சேர்ந்து பார்ப்பார்கள்.

"அந்தப் பொண்ணு வாய்ல மூணு வாரமா ஒரு கவளம் போகல. கதை எழுதினவனுக்குப் பசின்னா என்னன்னே தெரியாது போல" என்பாள்.

"அக்கா, அது ராஜா பொண்ணு. தாங்கும்."

"கரடி தாங்குமா?"

கரடிக்கு அம்பு பட்ட வாரம் அவளுக்கு மனசே ஆறவில்லை. மறுநாள் மிச்ச மாவில் ஒரு கரடி செய்தாள். உருண்டையாக வயிறு, கத்தரிக்கோலால் வெட்டிய நாலு பாதம், உலர்திராட்சைக் கண், விரல் கனத்தில் இரண்டு கொம்பு. வயிறு வேகும் முன்னே கொம்பு கருகியது. ஏழெட்டு நாள் முட்டி மோதி வழி கண்டுபிடித்தாள். நனைத்த காகிதத்தில் குட்டித் தொப்பி செய்து கொம்புக்கு மாட்டி, கடைசி ஐந்து நிமிஷம் கழற்றிவிடுவது. "உங்க கரடிக்குத் தடிமன் பிடிக்கும்னு குல்லாவா?" என்று தெருவே கேலி செய்தது. கேலி செய்தவர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள்.

பெரிய சாலையில் புதிதாகத் திறந்த பேக்கரியின் மேனேஜர் ஒருநாள் வீடு தேடி வந்தார். அவர் மகள் கரடி தின்றிருந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை கடைசிப் பாகம் வருதும்மா. நாலு மணிக்கு நாற்பது கரடி எங்க கடைல இருக்கணும். எங்க பெரியவர் பார்க்கணும்னாரு. அவருக்குப் பிடிச்சா திங்கக்கிழமையிலேருந்து எங்க அடுப்புல நீங்கதான்."

அவர் போன பிறகு அவள் பெட்டியின் அடியிலிருந்து, பழைய பேக்கரியில் போட்டிருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்துத் துவைத்தாள். வீட்டில் இருந்த மூன்று வருஷமும் "இப்ப என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லும்போதெல்லாம் குரல் இறங்கும். மகன் அதைக் கவனித்திருக்கிறான்.

மகன் வெளியூரில் ரசாயன ஆலையில் வேலை பார்த்தான். அழுத்தம் காட்டுவது, வெப்பம் காட்டுவது என்று ஆலையில் உள்ள அளவுமானிகளை எல்லாம் சரிபார்ப்பது அவன் தொழில். அந்த வாரம் நாலு நாள் விடுப்பில் வந்தவன், சும்மா இருக்க முடியாமல் தன் கருவியை எடுத்து அடுப்புக்குள் கம்பியை விட்டுப் பார்த்தான். திருகு நூற்றி எண்பது என்றது. உள்ளே இருநூற்றுப் பதினைந்து.

"அம்மா, உன் அடுப்பு முப்பத்தஞ்சு டிகிரி தப்பாக் காட்டுது."

"காட்டட்டும். எங்களுக்குள்ள ஒத்துப்போகுது."

"பெரிய ஆர்டர் வருது. இப்படியே விடக் கூடாது."

வியாழக்கிழமை அவள் மாவு வாங்கப் போன நேரத்தில் பின்தகட்டைக் கழற்றி, சூட்டைத் திருத்தும் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, மூன்று முறை அளந்து பார்த்தான். நூற்றி எண்பதுக்கு நூற்றி எண்பத்தொன்று. துடைத்து மூடினான். சிவப்புப் பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அது அவன் கண்ணில் பட்டது. அந்தப் பொட்டு என்ன என்று அவனும் கேட்கவில்லை.

அவள் வந்ததும் சொன்னான். "சரிபண்ணிட்டேன். இனிமே தப்பு வந்தா அது அடுப்புனால இருக்காது."

"என் பிள்ளை கை பட்ட அடுப்பாச்சே" என்றாள். அவன் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை நடந்ததைத் தையல்காரி சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். விடிகாலையிலேயே மாவு பிசைந்தாகிவிட்டது. முதல் தட்டில் எட்டுக் கரடி. எடுக்கும் நேரத்தில் எடுத்தால் நிறமே பிடிக்கவில்லை. திரும்ப உள்ளே வைத்தாள். மேல்தோல் காய்ந்து இறுகியதே தவிர சிவக்கவில்லை. ஒன்றைப் பிட்டால் உள்ளே பிசுபிசுப்பு. அதற்குள் காத்திருந்த தட்டுகளில் மாவு பொங்கி, கொம்புகள் சரிந்து, பாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மறுபடி பிசைந்தாள். மறுபடியும் அதே கதை.

"அக்கா, அடுப்புல ஏதாச்சும் கோளாறா இருக்கப் போகுது" என்றாள் தையல்காரி.

"அவன் நேத்து முந்தாநாள்தான் பார்த்துட்டுப் போனான். அடுப்பு மேல பழி போடாத."

மூன்றரைக்கு மேனேஜரின் வண்டி வந்தது. இருபத்திரண்டு கரடி தேறியது. அவர் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, முகம் மாறாமல், "பரவால்லம்மா, இன்னொரு சமயம் பார்க்கலாம்" என்றார். ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ஏழு மணிக்கு அவள் டிவி போடவில்லை. தையல்காரி வந்து கூப்பிட்டதற்கு, "எனக்குக் கை போயிடுச்சுடி" என்று மட்டும் சொன்னாள்.

போனில் மகனிடம் ஆர்டர் நல்லபடியாகப் போனது என்றாள். அவனும் நம்பினான். மூன்று வாரம் கழித்துத் தையல்காரி கூப்பிட்டாள். "தம்பி, அக்கா அடுப்புக்குச் சாக்குப் போட்டு மூடி அதுமேல துணி காயப்போடுது. காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. சாப்பாடும் இல்ல. நீங்க வாங்க." பிறகு அந்தச் சனிக்கிழமையைச் சொன்னாள். அவன் ஆலையில் ஒரு குழாய்க்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நிறம் பிடிக்கவில்லை என்று அவள் சொன்ன இடத்தில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மேற்கொண்டு காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் பலவீனம், நுரையீரலில் நீர். இரண்டாம் நாள் அவள் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்தபோது சொன்னான்.

"அம்மா, அது உன் கை இல்ல. நான்தான் கெடுத்தேன். சூட்டைக் குறைச்சுட்டேன். நீ பழைய பொட்டுலயே வச்சே."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "எனக்காக உன் வேலையைக் குறை சொல்லாத. அதுல சோறு திங்கறவன் நீ."

"நிஜமாச் சொல்றேன்மா. குறிப்பு நோட்டுல இருக்கு."

"இருக்கும். தூங்குப்பா, கண்ணு குழி விழுந்திருக்கு."

காட்டினால் நம்புவாள் என்று நினைத்தான். வீட்டுக்குப் போய்ச் சாக்கை எடுத்தான். திருகாணியைப் பழையபடி கால் சுற்றுத் திருப்பினான். தையல்காரி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல மாவு பிசைந்து, ஒரு கரடி செய்து, பொட்டில் முள்ளை வைத்துச் சுட்டான். ஒரு கொம்பு குட்டை, ஒரு கண் காதுக்குப் பக்கத்தில். ஆனால் நல்ல நிறம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கரடியைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். ஒரு காலைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனாள். வெந்திருந்தது.

"நம்ம அடுப்புலயா சுட்டே?"

"ஆமாம்மா."

"பொட்டுலதான் வச்சியா?"

"பொட்டுலதான்."

"அப்ப அடுப்பு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அவன் வாய் திறந்தான். பழையபடி மாற்றி வைத்துத்தான் சுட்டேன் என்று சொன்னான். இரண்டு தடவை சொன்னான். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், குழந்தை சொல்லும் சாக்கைக் கேட்பதுபோல. மாற்றாமல் அப்படியே சுட்டு, பச்சை மாவைக் கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டும். சோதனை என்றால் அதுதான் முறை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் படித்தது.

அவள் பக்கத்துக் கட்டில்காரிக்கு ஒரு பாதத்தைப் பிட்டுக் கொடுத்தாள். "என் பையன் சுட்டது. எனக்குத்தான் கை போயிடுச்சு. இவனுக்கு வந்திருக்கு பாருங்க."

செவ்வாய்க்கிழமை காலை அவள் இறந்தாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அவன் பின்தகட்டைக் கழற்றித் திருகாணியை மறுபடி திருப்பினான். நூற்றி எண்பத்தொன்று. ஒரு கரடி செய்து, பொட்டில் வைத்து, அவள் விடும் நேரம் விட்டு எடுத்தான். வெளுத்துக் கிடந்தது. கத்தியால் குறுக்கே வெட்டினான். நடுவில் பச்சை மாவு, இரண்டு விரல் கனம். நோட்டை எடுத்துத் தேதி, சூடு, நேரம் எழுதினான். கை போயிடுச்சு என்று அவள் சொன்னது தவறு என்று கீழே எழுதி, ரொட்டியின் இரண்டு பாதிகளையும் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.